எல்லைப் பாறையில் நட்ட கல்

சென்ற மாதம் கள்ளக்குறிச்சி அலுவலகத்திலிருந்து இளைய தோழர்கள் இருவர் சங்கராபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். நெடுநாள் செயல்படாமல் கிடக்கும் தன்னார்வக் குழுக்களை மீண்டும் கூட்டுவதற்குப் புதிய முறை ஒன்றை வகுத்திருப்பதாகச் சொன்னார்கள். பழைய உறுப்பினர்கள் அனைவரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பது, வரவேற்புப் படம் ஒன்றை அனுப்புவது, பின்னர் ஒரு மண்டபத்தில் அழைத்து உட்காரவைத்து, இடைப்பட்ட காலத்தில் நேர்ந்த மனக்கசப்புகளை வெளிப்படையாகப் பேசச் சொல்வது. என் கருத்தைக் கேட்டார்கள். முறை தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர்கள் போன பிறகும் உள்ளே ஒரு கலக்கம் இருந்துகொண்டே இருந்தது. அந்தக் கலக்கத்தின் காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சமூகப் பணியில் முதுகலை முடித்து ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தவள் நான். பணிக்காலம் முழுவதும் இந்த மாவட்டத்திலேயே கழிந்தது. தொடக்க ஆண்டுகளைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. தியாகதுருகத்துக்குப் பேருந்தில் நின்றுகொண்டே போய்வந்ததும், யார் வீட்டில் எப்போது தண்ணீர் கேட்கலாம் என்று கற்றுக்கொண்டதும்தான் அவை. ஒரு நிகழ்வை மட்டும் குறிப்பிட வேண்டும். எலவனாசூர்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஏரிக்கால்வாய் தூர்வாரும் குழு, வறட்சியால் ஏற்பட்ட நீண்ட இடைவெளிக்குப் பிறகு கூடியது. வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து மனம் திறந்து பேசச் சொன்னார். அவர்களும் திறந்தார்கள். ஒருவரையொருவர் எவ்வளவு காலமாக, எந்தெந்தக் காரணங்களுக்காக வெறுத்துவந்தார்கள் என்பது அன்று முழுமையாக வெளிப்பட்டது. பயிற்சியாளர் நிறைவோடு பேருந்து ஏறினார். சொல்லிவிட்ட உண்மைகளுடன் மறுநாள் எதிரெதிரே நிற்க முடியாமல் அந்தக் குழு அதோடு கலைந்தது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு வாசுகி எங்கள் திட்ட இயக்குநராக வந்தார். என்னைவிட வயதில் இளையவர். பேச்சு குறைவு. கூட்டத்துக்கு வந்தால் முதலில் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "யார் வரல?" வந்தவர்களிடம் ஓரிரு சொற்கள் பேசிவிட்டு, வராதவரின் வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவார். முதலில் இது எனக்கு விசித்திரமாகப்பட்டது. வந்தவர்களை அவமதிப்பதாகவும் தோன்றியது. ஒருமுறை கேட்டேவிட்டேன். "வந்தவங்களுக்குச் சண்டை இல்ல. சண்டை வராதவங்க வூட்ல உக்காந்திருக்கு" என்றார். வராதவரின் வீட்டிலும் ஏன் வரவில்லை என்று அவர் கேட்டதில்லை. நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கமாட்டார். இனி நடக்கவிருப்பதைப் பற்றியே கேட்பார். பிறகு அமைதியாக உட்கார்ந்திருப்பார். அந்த அமைதி என்னைப் போன்றவர்களுக்குத் தாங்க முடியாததாக இருக்கும். எதையாவது சொல்லி அதை நிரப்ப நான் வாயெடுக்கும்போதெல்லாம் என் பக்கம் திரும்பாமலேயே லேசாகக் கையை உயர்த்துவார்.

பெருந்தொற்றுக்குப் பிந்தைய காலத்தில் கல்வராயன் மலைக் குழுக்களை மீட்கும் பொறுப்பு எங்களுக்கு வந்தது. அவற்றுள் கடினமானது டோலிக் குழு. அத்திக்குழி, மலையின் மேல்பகுதியில் இருக்கும் ஊர். சாமையும் தினையும் குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளியும் விளைகின்றன, சாலை இல்லை. கீழே இருக்கும் பாறைக்கொட்டாய் என்ற ஊர் வரை தார்ச்சாலை வருகிறது. ஆம்புலன்ஸ் அங்கேதான் நிற்கும். மேலே ஒருவர் நோயுற்றால் மூங்கிலில் போர்வையைக் கட்டி அதில் படுக்கவைத்து, அத்திக்குழி ஆட்கள் இரண்டு ஊர்களுக்கும் நடுவிலுள்ள எல்லைப் பாறை வரை தூக்கிவருவார்கள். அங்கே பாறைக்கொட்டாய் ஆட்கள் காத்திருந்து வாங்கிக்கொண்டு, வழுக்கும் ஓடைச்சரிவைக் கடந்து சாலைக்குக் கொண்டுசேர்ப்பார்கள். இதற்கென இரண்டு ஊர்களிலும் தன்னார்வலர்கள் இருந்தார்கள். அவர்களுக்குள் எழுதப்படாத ஒரு கட்டுப்பாடும் இருந்தது. மூங்கில் தோளிலிருந்து தோளுக்குத்தான் மாற வேண்டும். டோலி தரையைத் தொடக் கூடாது. வழியில் தரையில் இறக்கப்படுவது பாடை மட்டுமே. உயிரோடிருக்கும் ஒருவரை வழியில் இறக்கிவைத்தால் அவர் இறந்துவிட்டதாகத் தீர்ப்புச் சொன்னதாகும்.

தொற்றுக் காலத்தில் இரண்டு ஊர்களுமே முள்வெட்டிப் போட்டு வழியை அடைத்திருந்தன. அப்போது அத்திக்குழிச் சடையனுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. அவருடைய மகன் காசியும் மற்றவர்களும் அவரைத் தூக்கிக்கொண்டு எல்லைப் பாறைக்கு வந்தார்கள். முள்வேலிக்கு அந்தப் பக்கம் பாறைக்கொட்டாய்க் குழுவின் தலைவர் ஏழுமலை நின்றிருந்தார். ஊர் கட்டுப்பாடு போட்டிருந்தது. அவர் கை நீட்டவில்லை. தோள் சோர்ந்தவர்கள் வேறு வழியின்றி டோலியைத் தரையில் இறக்கினார்கள். பிறகு காட்டைச் சுற்றிக்கொண்டு வேறு பாதையில் கீழே போனார்கள். சடையன் சில வாரம் மருத்துவமனையில் இருந்து இறந்துபோனார். அந்தத் தாமதத்தால் அவர் இறக்கவில்லை என்று மருத்துவர் சொன்னார். காசியின் மனத்தாங்கல் தாமதத்தைப் பற்றியதல்ல. "எங்கப்பன உயிரோட கீழ வைக்க வெச்சிட்டானுங்க" என்பதற்குமேல் அவர் எதையும் சொன்னதில்லை.

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. காசியின் மனைவி செல்வி, ஏழுமலையின் தங்கை. பெற்றோர் இல்லாத அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் அண்ணன்தான். அந்த நாளுக்குப் பிறகு இரண்டு வீடுகளுக்கும் போக்குவரத்து நின்றுபோனது.

நாங்கள் முதலில் பாறைக்கொட்டாய்க்குப் போனபோது குழுவே தேவையில்லை என்றார்கள். அத்திக்குழியில் பாதிப் பேரிடம் இருசக்கர வாகனம் வந்துவிட்டது. நோயாளியை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு, மண்பாதையில் இறங்கிவிடுகிறார்கள். "பைக் இருக்கும்போது தோளு எதுக்குங்க?" என்று ஒருவர் கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "மழ பேஞ்சா பைக்கு நம்மளத் தூக்காதுடா. நாமதான் பைக்கத் தூக்கிக்கினு வரணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. வாசுகி தம் வழக்கப்படி இனி நடக்கவிருப்பதைக் கேட்டார்: "அடுத்து யாரைத் தூக்க வேண்டி வரும்?"

வாசுகி விடைக்காக உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஏழுமலை தரையைப் பார்த்தபடி, "என் தங்கச்சி முழுவாம இருக்குதுன்னு கேள்விப்பட்டேன். ஐப்பசியில நாளுன்றாங்க" என்றார்.

ஐப்பசி என்றால் அடைமழை. அன்று முதல் எனக்கு உறக்கம் குறைந்தது. தலைப்பிரசவம்; முறைப்படி தாய்வீட்டில் நடந்திருக்க வேண்டும். தாய்வீடு என்று இருந்தது சாலையோரத்தில் இருந்த அண்ணன் வீடு. அங்கே அனுப்பியிருந்தால் டோலிக்கே வேலை இருந்திருக்காது. காசி அனுப்ப மறுத்தார். நாள் நெருங்கும்போது கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் முன்கூட்டியே சேர்த்துவிடுவோம் என்று கிராமச் செவிலியர் ஏற்பாடு செய்திருந்தார். ஆனால் வலி நம் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு வருவதில்லை.

அத்திக்குழியில் காசி எங்களிடம் மரியாதையாகவே பேசினார். "மழையில தூக்கித்தான் ஆவணும், எனக்கும் தெரியும். எங்க ஆளுங்களே ரோடு வரைக்கும் தூக்கிடுவோம்" என்றார். ஓடைச்சரிவில் கால் வைக்கும் இடங்கள் பாறைக்கொட்டாய்க்காரர்களுக்குத்தான் தெரியும் என்பதும், அதுவரை சுமந்துவந்த தோளோடு அந்தச் சரிவில் இறங்குவது எத்தகைய ஆபத்து என்பதும் அவருக்குத் தெரியாதவை அல்ல. வாசுகி மறுத்துப் பேசவில்லை. எல்லைப் பாறையில் ஒருநாள் இரு குழுவும் வந்து மூங்கிலையும் கயிற்றையும் சரிபார்த்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார். பேச்சுவார்த்தை என்றோ சமாதானம் என்றோ சொல்லவில்லை. அது இரண்டு ஊருக்கும் பொதுவான இடம், வேலையும் சிறியது. காசி நெடுநேரம் யோசித்துவிட்டு, வருகிறேன் என்றார். இறங்கிவரும்போது என் மனம் சற்று இலேசாகியிருந்தது. நான் அப்படி நிம்மதி கொள்ளும்போதெல்லாம் எதிர்பாராதது ஒன்று நடக்கும் என்பதை என் பணிக்காலம் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

எதிர்பாராதது நடந்தது. ஏழுமலை பெங்களூரில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர். வாயால் மன்னிப்புக் கேட்க வராத மனிதர். கையால் எதையாவது செய்யத் தெரியும். குழுக்கள் சந்திப்பதற்கு முன்பே தம் ஆட்களோடு எல்லைப் பாறைக்குப் போய், இரண்டு கல்தூண்களை நட்டு, தோளளவு உயரத்தில் அவற்றின்மேல் ஒரு பலகைக்கல்லை ஏற்றிவைத்துவிட்டார். இனி யாராவது வரத் தாமதமானாலும் மூங்கிலை அந்தக் கல்லின்மேல் தாங்கவைத்துக்கொள்ளலாம்; டோலி ஒருபோதும் தரையைத் தொட வேண்டியிராது. தங்கையின் மாமனாருக்கு நேர்ந்தது தங்கைக்கு நேரக் கூடாது என்பது அவருடைய எண்ணம்.

சடையனின் மனைவி குப்பம்மாள், ரேஷன் கடைக்கு இறங்கிவரும் வழியில் அதைப் பார்த்தார். பார்த்த இடத்திலேயே பையை மடித்துக்கொண்டு மலையேறிவிட்டார். நம் பக்கத்துச் சாலைகளில் இன்றும் சில இடங்களில் அத்தகைய கற்களைக் காணலாம். சுமைதாங்கி என்பது அவற்றின் பெயர். தலைச்சுமைக்காரர்கள் இளைப்பாறுவதற்காக நட்டவை. ஆனால் அவற்றை யார் நினைவாக நடுவார்கள் என்பது முதியவர்களுக்குத் தெரியும்: வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்கு. இறக்கிவைக்க முடியாமல் அவள் கொண்டுபோன சுமை அந்தக் கல்லால் ஆறும் என்பது நம்பிக்கை. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்குப் போகும் வழியில், அவளுடைய உடன்பிறந்தவனே அந்தக் கல்லை நட்டிருந்தான்.

நாங்கள் மறுநாள் போனபோது குப்பம்மாள் அழுது ஓய்ந்திருந்தார். "எம் மருமவ உயிரோடதான இருக்கா? அதுக்குள்ள கல்லு நட்டுட்டானுங்களே" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். காசி எங்களோடு பேசவே இல்லை. எல்லைப் பாறைக்கு இனி யாரும் போவதில்லை என்றும், காட்டைச் சுற்றும் பாதையிலேயே செல்வியைத் தூக்கிச்செல்வது என்றும் ஊரில் முடிவாகிவிட்டது. அந்தப் பாதையில் மழைக்காலத்தில் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும்.

கீழே ஏழுமலை திகைத்துப்போயிருந்தார். "ஸ்டாண்டுதானக்கா போட்டேன். சுமதாங்கி இதுக்குத்தான் நடுவாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றார். இப்போதே போய் இடித்துத் தள்ளிவிடுகிறேன் என்று கடப்பாரையை எடுத்தார். அதுவே சரி என்று எனக்கும் தோன்றியது. வாசுகி அவரைத் தடுத்து, "அவசரப்படாதீங்க. இன்னும் ஒருத்தர்கிட்ட கேக்கல" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் செல்வியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். செல்வியிடம் எவருமே கேட்கவில்லை.

அவள் வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது, ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதோ என்று எனக்கு இன்னொரு கவலையாயிற்று. வாசுகி அவளிடம் கல்லைப் பற்றிக் கேட்கவில்லை. "வலி வந்தா எந்த வழியா போவணும்னு நெனக்கிற?" என்றார்.

முறத்தை இறக்கிவைத்துவிட்டு அவள் சொன்னாள்: "எங்கண்ணன் கல்லு போட்டது எனக்காவத்தான். எங்கத்த அழுவறதும் எனக்காவத்தான். ரெண்டு பேரும் எனக்காவ எனக்காவன்னே என்னை ஆத்துல உட்டுடுவாங்க போலக்கீது. நான் எல்லப் பாற வழியாத்தான் போவேன். அந்தக் கல்ல எடுத்துடுங்க. எங்கண்ணன் ஆளுங்க மட்டும் வந்து எடுத்தா, பயந்துக்கினு எடுத்துட்டானுங்கன்னு இவங்க சொல்லுவாங்க. இவங்க மட்டும் போய்த் தள்ளுனா அங்க வெட்டுக்குத்து ஆவும். ரெண்டு ஊரும் வந்து எடுக்கட்டும்."

திண்ணமாகச் சொன்னாள். உள்ளே இருந்த குப்பம்மாள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சற்றுப் பொறுத்து உள்ளிருந்தே குரல் வந்தது. "நிக்கற கல்லாத்தான் இருக்கக் கூடாது. ஓடையில படுக்கப் போடச் சொல்லு."

அந்த வார இறுதியில் எல்லைப் பாறையில் இரு ஊர்க்காரர்களும் கூடினார்கள். கூடினார்கள் என்பதைவிட, பாறைக்கு இருபுறமும் நின்றார்கள் என்பதே பொருந்தும். யார் வரவில்லை என்று வாசுகி கேட்டார்; எல்லோரும் வந்திருந்தார்கள். வானம் கருத்துக்கொண்டு வந்தது. ஏழுமலை தூணின் அடியைத் தோண்டத் தொடங்கினார். அங்கே ஒரு சொல் தவறினாலும் இந்த மழைக்காலமே கைவிட்டுப் போய்விடும் என்று நான் அஞ்சினேன். பலகைக்கல்லை இறக்க அவர் ஆட்கள் மட்டும் போதவில்லை. ஒருபக்கம் சாய்ந்தது. ஏழுமலையின் கால்மேல் விழப்போன நொடியில் காசி பாய்ந்து தோள் கொடுத்தார்.

கல்லை ஓடைக்குக் கொண்டுபோக மூங்கிலில் கயிறு போட்டுக் கட்டினார்கள். இரண்டு ஊர் ஆட்களும் மாறிமாறித் தூக்கினார்கள். நெடுங்கால இடைவெளிக்குப் பிறகு அந்தக் குழு சுமந்த முதல் சுமை அந்தக் கல்தான். அத்திக்குழிக்காரர்கள் வேகமாக நடக்க, பாறைக்கொட்டாய்க்காரர் ஒருவர், "மெல்லடா, குலுக்காத" என்று பழக்கத்தில் அதட்டினார். "கல்லுக்கு இன்னா வலிக்கப் போவுது?" என்று பதில் வந்தது. "கல்லுக்கு வலிக்காது, என் தோளுக்கு வலிக்குதுடா" என்றார் அவர். யாரோ சிரித்தார்கள். காசி சிரிக்கவில்லை, ஆனால் நடையை மெதுவாக்கினார். சரிவில் எங்கே கால் வைக்க வேண்டும் என்று ஏழுமலை முன்னால் போய்க்கொண்டே பொதுவாகச் சொல்லிவந்தார். காசி அந்த இடங்களிலேயே கால்வைத்தார். கல் ஓடையில் படுத்தது; பிறகு தூண்களும் அதன் பக்கத்தில் படுத்தன.

அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. வாசுகியிடம் சொன்னேன். "சமாதானம் அவங்க பாடு. தூக்கறாங்களான்னு பாப்போம்" என்றார்.

வலி முன்கூட்டியே வந்தது. செவிலியர் குறித்த நாளுக்கு வெகுநாள் முன்பாக, விடாமல் பெய்த மழையில் ஒரு முற்பகலில். நான் வெள்ளிமலையில் இருந்தேன். அத்திக்குழியில் பாறை ஒன்றின்மேல் ஏறினால்தான் அலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும். அங்கிருந்து யாரோ அழைத்து, "கிளம்பிட்டோம்" என்றார்கள். எந்த வழியாக என்று நான் கேட்பதற்குள் தொடர்பு அறுந்தது. ஏழுமலையை அழைத்தேன், எடுக்கவில்லை. ஆம்புலன்ஸோடு பாறைக்கொட்டாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் வீடு பூட்டியிருந்தது. குழுவில் இருந்த எவரும் ஊரில் இல்லை. அவர்கள் எல்லைப் பாறைக்குப் போயிருக்கலாம். கிழங்குத் தோட்டத்துக்கும் போயிருக்கலாம். செல்வி எல்லைப் பாறை வழியாக வரலாம்; ஆற்றங்கரையில் நின்றுகொண்டும் இருக்கலாம். ஓட்டுநர் என்னைப் பார்த்து, "இந்த மழயில எறங்குவாங்களா மேடம்?" என்றார். நான் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காத்திருப்பில் என் பணிக்காலத்தின் எல்லா முடிவுகளையும் சந்தேகித்தேன்.

மழைத்திரைக்குள் முதலில் மூங்கில் தெரிந்தது. முன்தோளில் காசி. பின்தோளில் ஏழுமலை. பாறைக்கொட்டாய் ஆட்கள் எல்லைப் பாறையில் காத்திருக்காமல் மேலேறிப் போய் எதிர்கொண்டிருக்கிறார்கள். அத்திக்குழி ஆட்கள் எல்லையில் கைமாற்றிவிட்டு நிற்காமல் கூடவே இறங்கியிருக்கிறார்கள். இதெல்லாம் பிறகு தெரியவந்தது. டோலிக்குப் பின்னால் முக்காட்டோடு குப்பம்மாள். போர்வைக்குள்ளிருந்து வந்த முனகல்தான் அப்போது நான் கேட்க விரும்பிய ஒரே ஒலி.

ஆம்புலன்ஸிலிருந்து எடுக்கும்போது ஸ்ட்ரெச்சர் சிக்கிக்கொண்டது. ஓட்டுநர் அதை இழுத்துக்கொண்டே, "ஒரு நிமிஷம் கீழ வைங்க" என்றார்.

யாரும் அசையவில்லை.

"கீழ வைக்கற பேச்சு இல்லீங்க. நீங்க மெதுவாவே எடுங்க" என்றார் ஏழுமலை. காசி திரும்பிப் பார்க்கவில்லை. மூங்கிலை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்தார். ஸ்ட்ரெச்சர் வெளியே வந்து, செல்வி அதில் ஏறும்வரை அப்படியே நின்றார்கள். துணைக்கு ஒருவரைத்தான் ஏற்றுவார்கள்; குப்பம்மாள் கூடவே ஏறிக்கொண்டார். வண்டி போய்விட்டது.

அதன்பிறகு அங்கே நின்றவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஒரு புளியமரத்தடியில், இரண்டு ஊர்க்காரர்களும் தனித்தனியே, ஈரத்தோடு நின்றார்கள். காசியின் அலைபேசி நனைந்து அணைந்துபோயிருந்தது. என்னுடையதில் செய்தி ஏதும் வரவில்லை. நெடுநேரம் கழித்து ஏழுமலையின் அலைபேசி ஒலித்தது. செல்வி மனப்பாடமாக அறிந்திருந்த எண் அது ஒன்றுதான். அதைத்தான் மருத்துவமனைச் செவிலியரிடம் கொடுத்திருந்தாள். ஏழுமலை காதில் வைத்தார். பேசுவது யார் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, மேற்கொண்டு எதையும் கேட்காமல், நடந்துபோய் அதை நீட்டினார்.

"மாப்ள, நர்சம்மா. நீயே கேளு."

காசி கையைத் துடைத்துக்கொள்ள உலர்ந்த இடம் தேடினார், கிடைக்கவில்லை. ஈரக்கையாலேயே வாங்கிக்கொண்டார். "ஆமாங்க. அவ வூட்டுக்காரன்தான்" என்றார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. கடைசியில் அலைபேசியைத் திருப்பிக் கொடுத்தபோது, "பொண்ணாம். ரெண்டு உசுரும் நல்லாக்கீதாம்" என்றார்.

ஏழுமலையின் மனைவி தேநீர் போட்டு எடுத்துவந்தாள். அத்திக்குழிக்காரர்கள் எவரும் குடிக்கவில்லை. மூங்கிலையும் நனைந்த போர்வையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பாதை திரும்பும் இடத்தில் காசி மட்டும் நின்றார்.

"திரும்ப வர்றப்போ பச்ச ஒடம்பு. ஏத்தத்துல நடக்கக் கூடாது" என்றார், யாரையும் பார்க்காமல். "எல்லப் பாறையில ஆளு இருக்குமா?"

"இருக்கும்" என்றார் ஏழுமலை.